விலை சரிந்தால் பிரஷர் ஏறுகிறது: நரம்புத் தளர்ச்சியா, இதயமா?

கேள்வி: எனக்கு 44 வயது. பாலக்கோடு பக்கம் கிராமம். தக்காளி போடுகிறோம். காட்டு வேலையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். மண்டிக்குக் கொண்டுபோவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் நான்தான். 39 வயதில் உதிரப்போக்கு அதிகம் என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து அடிக்கடி உடம்பு குப்பென்று சூடாகி வியர்த்துக் கொட்டுகிறது. இரண்டு வருஷமாக, மண்டியில் விலை சரிந்தாலோ, குழுக் கடன் வசூலுக்கு ஆள் வந்து வாசலில் நின்றாலோ நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, பின்மண்டை இறுகுகிறது. அப்படி ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது பிரஷர் 164/98. மறுவாரம் நிதானமாகப் போனபோது 132/84. ஈ.சி.ஜி. நார்மல் என்றார்கள். ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்கிறார், இன்னொருவர் கேஸ் என்கிறார். என் நாத்தனாருக்கும் இதே ஆபரேஷன்தான்; அவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எனக்கு மட்டும் ஏன்? ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் சரியாகும் என்கிறார்கள். கேன்சர் வரும் என்றும் பயமுறுத்துகிறார்கள். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, மற்றதையெல்லாம் பேசுவதற்கு முன்னால் பீரோவில் ஒரு தாளைத் தேடி எடுங்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் ஆபரேஷனின் பெயர் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். ‘டி.ஏ.ஹெச்.’ என்று மட்டும் இருந்தால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ‘பி.எஸ்.ஓ.’ என்று மூன்று எழுத்து இருந்தால், இரண்டு பக்கத்துச் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள் என்று பொருள். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அந்த மூன்று எழுத்தில்தான் பதில் இருக்கிறது. தாள் தொலைந்திருந்தால் ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் பதிவேட்டைப் பார்த்து நகல் கேட்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் எஃப்.எஸ்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சினைப்பை வேலை செய்யாதவர்களுக்கு அது பொதுவாக 40 அலகைத் தாண்டியிருக்கும்.

‘கர்ப்பப்பையை எடுத்தாச்சு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் கர்ப்பப்பையை எடுப்பதும் சினைப்பையை எடுப்பதும் உடம்புக்கு வெவ்வேறு. கர்ப்பப்பை போனால் மாதவிலக்கு நிற்கும், அவ்வளவுதான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரப்பது சினைப்பை. அது தானாக ஓய்ந்தால், நாற்பதுகளின் பின்பாதியில் நான்கைந்து ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். உடம்பு பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும். ஆபரேஷனில் எடுத்துவிட்டால் ஓரிரு நாளிலேயே அளவு தரைமட்டத்துக்கு வந்துவிடும். ஆபரேஷனிலிருந்தே குப்பென்று சூடு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சினைப்பைகளும் போயிருக்கின்றன என்பதற்கு இது வலுவான அடையாளம். நாத்தனாருக்கு ஒருவேளை சினைப்பைகளை விட்டுவைத்திருக்கலாம். அப்படி விட்டுவைத்தாலும் அவை வழக்கத்தைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துபோவதுண்டு.

இனி, வசூல்காரர் வாசலில் நிற்பதற்கும் இந்த ஹார்மோனுக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம்.

பயமோ அவமானமோ கோபமோ வரும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் இரண்டு வழியாக ஆணை அனுப்புகிறது. ஒன்று நரம்பு வழி. அது நொடிகளில் வேலை செய்யும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டும்; நரம்பு முனைகள் நார்அட்ரினலினை விடும். இதயம் வேகமாகவும் அழுத்தமாகவும் அடிக்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கும். மற்றொன்று ரத்த வழி. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சொல்லி, கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரந்து உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். வசூல்காரர் போய் அரைமணி கழித்தும் உடம்பு அடங்காமல் இருப்பதில் இதற்குப் பங்குண்டு.

ஈஸ்ட்ரோஜன் இந்த ஆணையை நிறுத்துவதில்லை. அதன் வீச்சைக் குறைக்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவரில் எண்டோதீலியம் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. அங்கே ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டினால் அந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைக் கூடுதலாக உண்டாக்கும். குழாயைச் சுற்றியுள்ள தசை தளரும். குழாயைச் சுருக்கும் எண்டோதீலின் என்ற பொருள் குறையும். சிறுநீரகம் தொடங்கிவைக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற அழுத்தமேற்றியின் ஏற்பிகளும் குறையும். மூளைத்தண்டில் இதயத்தை அடக்கும் வேகஸ் நரம்பின் பிடியும், அழுத்தம் ஏறினால் உணர்ந்து இறக்கும் பேரோரிஃபிளெக்ஸ் என்ற கண்காணிப்பும் கூர்மையாக இருக்கும். ஆகவே மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு மன அழுத்தத்தில் இதயம் வேகமாக அடித்தாலும் குழாய்கள் ஓரளவு விரிந்துகொடுக்கும். பிரஷர் அவ்வளவாக ஏறாது. ஈஸ்ட்ரோஜன் போனபின் அதே அளவு கவலைக்கு, குழாய் விரிவதற்குப் பதில் இறுகுகிறது.

தொப்பூர்க் கணவாயில் இறங்கும் லாரியைப் பார்த்திருப்பீர்கள். கியரில் இறங்கும் வண்டியை இன்ஜினே பாதி பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் கால் பிரேக்கில் விழும், சூடேறிப் பிரேக் நழுவும். சரிவும் அதே, சரக்கும் அதே. ஈஸ்ட்ரோஜன் அந்த கியர் மாதிரி. சினைப்பைகளும் போயிருந்தால், உங்களுக்கு அதை 39 வயதிலேயே எடுத்துவிட்டிருக்கிறார்கள். கவலை அப்படியேதான் இருக்கிறது. அதைத் தாங்கும் ஏற்பாடுதான் மாறியிருக்கிறது. ஆகவே ‘மனசு பலவீனம்’ என்று யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இதை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் விதம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. முன்பின் தெரியாதவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, 1,022இலிருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தப்பினால் திரும்ப முதலிலிருந்து. அப்போது இதயத் துடிப்பு, பிரஷர், ரத்தத்தில் ஹார்மோன்கள் எல்லாவற்றையும் அளப்பார்கள். மண்டியில் நாலு பேர் பார்க்கக் கணக்குப் போடுவதைப் போலத்தான். மன அழுத்தச் சோதனைகள் பலவற்றில், மாதவிலக்கு நின்ற பெண்களின் பிரஷரும் அட்ரினலினும் நிற்காதவர்களைவிடக் கூடுதலாக ஏறுவதைக் கண்டிருக்கிறார்கள். 1999இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், மாதவிலக்கு நிற்கும் பருவத்துப் பெண்களுக்கு எட்டு வாரம் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தபோது மன அழுத்தத்துக்கு ஏறும் பிரஷரும் கார்டிசோலும் நார்அட்ரினலினும் குறைந்தன.

ஆனால் ஒன்று. 164/98க்கு இது மட்டுமே காரணம் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிடக் கூடாது. படபடப்புக்கு ரத்தசோகையும் தைராய்டும் மிகச் சாதாரணக் காரணங்கள். ஹீமோகுளோபின் (பெண்களுக்கு 12க்குக் கீழ் போனால் ரத்தசோகை), தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கொழுப்பு, சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பாருங்கள். கொழுப்பில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு முக்கியம், ஈஸ்ட்ரோஜன் போனபின் அதுவும் ஏறும். படபடப்பு இல்லாதபோது எடுத்த ஈ.சி.ஜி. நார்மல் என்பதால் எல்லாம் நார்மல் என்று ஆகாது. படபடக்கும்போது மணிக்கட்டில் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். சீராக 100, 110 என்று ஓடுவது வேறு. விட்டுவிட்டு, தாறுமாறாக ஓடுவது வேறு. இரண்டாவது மாதிரி இருந்தால் 24 மணி நேரம் உடம்பில் மாட்டிப் பதிவு செய்யும் ஹோல்டர் ஈ.சி.ஜி. தேவைப்படும்.

இன்னொரு கேள்வி: மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரை ஆண்டுக்கணக்காகக் குடித்து மூட்டும் முதுகும் இறுகிப்போனவர்கள் அதிகம். அவர்களில் பலர் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் மாத்திரையைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். இவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். டாக்டரிடம் இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

உங்களிடம் இருப்பது இரண்டே இரண்டு அளவுகள். ஒன்று பதற்றத்தில் எடுத்தது, ஒன்று நிதானத்தில் எடுத்தது. இவற்றை வைத்து மாத்திரை தொடங்கவும் முடியாது, ஒன்றுமில்லை என்று அனுப்பவும் முடியாது. வீட்டில் ஒரு வாரம் அளக்க வேண்டும். மேல்கையில் கட்டும் மின்கருவி 2,000 ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது. மணிக்கட்டுக் கருவி வேண்டாம். பட்டை கைக்குப் பொருந்த வேண்டும். நடுக்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, 32 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய பட்டையாகக் கேட்டு வாங்குங்கள். சின்னப் பட்டையைப் பெரிய கையில் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். இறுக்கமான ஜாக்கெட் கையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டு அளப்பது நம் ஊரில் எங்கும் நடக்கும் தவறு. சுருட்டிய துணியே கயிறு போலக் கையை இறுக்கி அளவைக் கெடுக்கும். தொளதொள ரவிக்கையோ நைட்டியோ போட்டுக்கொண்டு அளங்கள். டீ, காபி, வெற்றிலையோடு புகையிலை எதுவும் அதற்கு முன் அரைமணி நேரம் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் பட, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பிறகு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. இப்படிக் காலையில், இரவில், ஏழு நாள். முதல் நாள் அளவுகளைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரியை எடுங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. வெறும் பதற்றம் இல்லை.

மண்டியிலிருந்து திரும்பிய நாட்களில் அதே முறையில் தனியாக ஓர் அளவு எடுத்து, ஓரத்தில் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அதைச் சராசரியில் சேர்க்க வேண்டாம். ஆனால் டாக்டருக்கு அது பெரிய உதவி. சராசரி 130/80க்கு அருகில் இருந்து, இந்தத் தனி அளவுகள் மட்டும் 160ஐத் தொட்டால், 24 மணி நேரப் பிரஷர் பதிவு ஒருமுறை செய்வது நல்லது. இரவில் தூங்கும்போது பிரஷர் இறங்குகிறதா என்பது அதில்தான் தெரியும். ராத்திரி வியர்த்து விழித்துக்கொள்பவர்களுக்கு அது சரியாக இறங்காமல் போகலாம்.

ஹார்மோன் மாத்திரைக்கு வருகிறேன். இதில் இரண்டு பக்கமும் அரைகுறையாகச் சொல்லப்படுவதால்தான் பெண்கள் அல்லாடுகிறார்கள்.

கேன்சர் பயம் பெரிதாகப் பரவியது 2002இல். அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையைச் சோதித்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டி கூடியிருந்தன. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று பல ஆண்டு ஆகி, குழாய்களில் கொழுப்பு படியத் தொடங்கியிருக்கும் வயது. அதே ஆய்வின் இன்னொரு பிரிவில், கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தார்கள். அதையும் 2004இல் நிறுத்தினார்கள்; பக்கவாதம் கூடியதுதான் காரணம். மார்பகப் புற்றுநோய் அந்தப் பிரிவில் கூடவில்லை. கர்ப்பப்பை இல்லாத உங்களுக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது பிரிவு. ஆனால் வயது பொருந்தாது.

உங்கள் நிலைக்கு நெருக்கமானது வேறோர் ஆய்வு. அமெரிக்காவில் 1976இல் தொடங்கி 1,21,700 செவிலியர்களைப் பின்தொடர்ந்தார்கள். 1987இல் வெளியான முடிவு: இரண்டு சினைப்பைகளையும் எடுத்து, ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளாதவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்தக் கூடுதல் இல்லை. அதனால்தான், இளம் வயதில் இரண்டு சினைப்பைகளையும் இழந்தவர்களுக்கு, தடை எதுவும் இல்லையென்றால் மாதவிலக்கு இயல்பாக நிற்கும் வயதுவரை, ஏறத்தாழ 50 வரை, ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்டலாம் என்பது இன்று மகப்பேறு மருத்துவத்தில் ஏற்கப்பட்ட வழி. எலும்புக்கும் அது காவல். 60 வயதில் புதிதாகத் தொடங்குவதும் 44இல் இழந்ததை ஈடுகட்டுவதும் ஒன்றல்ல. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பி.எஸ்.ஓ.’ இருந்தால், இந்தப் பேச்சை ஐந்து ஆண்டுக்கு முன்பே உங்களிடம் பேசியிருக்க வேண்டும். பேசாமல் விட்டது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தடை என்று சொன்னேனே, அவை: மார்பகப் புற்றுநோய் வந்திருப்பது, காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்திருப்பது, மாரடைப்பு, பக்கவாதம், கல்லீரல் நோய். இவற்றில் எதுவும் இல்லை என்று உறுதிசெய்து, மார்பகப் பரிசோதனை செய்து, பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தொடங்குவார்கள். விழுங்கும் மாத்திரை முதலில் கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையவைக்கும் புரதங்களைக் கூட்டும். தோலில் தடவும் ஜெல்லும் ஒட்டும் பட்டையும் நேராக ரத்தத்தில் கலப்பதால் அந்தத் தொல்லை குறைவு. பிரஷர் ஏறும் உடம்புக்கு இந்த வழியே மேல். டாக்டரிடம் இதைக் கேளுங்கள். கர்ப்பப்பை இல்லாததால் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்) இருந்து ஆபரேஷன் நடந்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள், கணக்கு மாறும். தெரிந்தவர் சாப்பிடும் கருத்தடை மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவது வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது வேறு வகை ஈஸ்ட்ரோஜன், பிரஷரை ஏற்றும். இன்னொன்று, ஈஸ்ட்ரோஜன் பிரஷர் மாத்திரை ஆகாது. வாரச் சராசரி அதிகமாக இருந்தால் அம்லோடிபின் போன்ற மாத்திரையைத் தனியே தொடங்கத்தான் வேண்டும். அது அரசு சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். வீடு தேடி மாத்திரை தரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் மாதாமாதம் மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்காது.

படபடப்பு வரும் அந்த நேரத்துக்கு ஒரு வழி உண்டு. உட்கார்ந்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். அடக்கிப் பிடிக்க வேண்டாம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். மூச்சு வெளியே போகும்போதுதான் வேகஸ் நரம்பு இதயத்தை அடக்கும். வெளிமூச்சை நீட்டச் சொல்வது அதற்காக. தவணை நாளன்று வசூல்காரர் வரும் முன்பே ஒருமுறை செய்துவிடுங்கள். தினமும் அரைமணி வேக நடையும் வேண்டும். காட்டில் குனிந்து நிமிர்வது இதற்கு ஈடாகாது. நடையில் ரத்தம் வேகமாக ஓடிச் சுவரை உரசும்போது, அந்த உரசலே எண்டோதீலியத்தைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடச் செய்யும். உப்பு நாளுக்கு ஒரு டீஸ்பூன், 5 கிராம். களிக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாடும் மாங்காய் ஊறுகாயும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

பிரஷர் 160 காட்டியது என்று பதறி, கேப்ஸ்யூலை உடைத்து நிஃபெடிபின் என்ற பிரஷர் மருந்தை நாக்கில் விடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. சம்மதிக்காதீர்கள். பிரஷர் திடீரென்று விழுந்து மூளைக்கு ரத்தம் குறையும், பக்கவாதமே வரலாம். தூக்கத்துக்கென்று அல்பிரசோலாமைச் சீட்டில்லாமல் வாங்குவதும் வேண்டாம். படபடப்பை மூடிவைக்கும், சில வாரத்தில் அதில்லாமல் இருக்க முடியாமல் செய்துவிடும்.

ஈஸ்ட்ரோஜன் இல்லாத உடம்பில் அதிர்ச்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நோயைச் சொல்ல வேண்டும். ஜப்பானில் 1990இல் முதன்முதலில் விவரித்த டாகோட்சுபோ. ஆக்டோபஸ் பிடிக்கும் பானைக்கு அங்கே அந்தப் பெயர். பெரிய துக்கமோ பயமோ தாக்கியதும் அட்ரினலின் வெள்ளத்தில் இதயத்தின் அடிப்பகுதி செயலிழந்து அந்தப் பானை போல உப்பிவிடும். வலியும் ஈ.சி.ஜி.யும் மாரடைப்பு மாதிரியே இருக்கும்; ஆஞ்சியோவில் அடைப்பு இருக்காது. வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிலக்கு நின்றவர்கள். சில வாரங்களில் தேறிவிடுவார்கள், ஆனால் முதல் சில நாட்கள் ஆபத்தானவை. இதையும் மாரடைப்பையும் வீட்டில் பிரித்தறிய வழியே இல்லை. ஆகவே நெஞ்சில் பாரம், தாடைக்கோ முதுகுக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல் ஆகியவை வந்து ஐந்து பத்து நிமிடத்தில் அடங்காவிட்டால் சோடா குடித்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். பைக்கில் உட்கார்ந்து போக வேண்டாம். மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கும் மாரடைப்பு வரும். கேஸ் என்று நினைத்து நேரத்தை விடுவதால்தான் காப்பாற்ற முடியாமல் போகிறது.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஏழு நாள் பிரஷர் தாள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் மூன்றையும் ஒரே பையில் போட்டு, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு நாள் காலையிலேயே போய்விடுங்கள். பொது மருத்துவப் பிரிவு, மகப்பேறு பிரிவு இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். போவதற்கு முன் நாத்தனாரின் தாளையும் வாங்கிப் பாருங்கள். அவருக்குச் சினைப்பைகள் இருந்தால் ‘எனக்கு மட்டும் ஏன்’ என்பதற்குப் பதில் கிடைத்துவிடும். அவருடையதிலும் ‘பி.எஸ்.ஓ.’ இருந்தால் உங்கள் கருவியிலேயே அவருக்கும் ஒரு வாரம் அளந்துவிடுங்கள். படபடப்பே இல்லாமலும் பிரஷர் 160இல் நிற்கும்.